டிராக்டர் பின்னால் போன வேலை

இன்று காலை தங்கையை இன்டர்வியூவுக்கு அழைத்துக்கொண்டு கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். பத்து மணிக்குள் அங்கே இருக்க வேண்டும்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். எதிரே லாரிகள் வந்துகொண்டே இருந்ததால் முந்த முடியவில்லை. புதுச்சத்திரம் வரை அதன் பின்னாலேயே ஊர்ந்தோம்.

போய்ச் சேர்ந்தபோது பத்தரை. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. தங்கை லெட்டரை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

திரும்பும்போது புதுச்சத்திரத்தில் பஸ் நின்றது. சாலையோரம் குடை பிடித்தபடி ஒருவர் வண்டிகளை எண்ணி எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக விசாரித்தேன்.

"டிராஃபிக் சர்வே தம்பி. இங்க வண்டி கம்மிதான். ரோட்ட அகலப்படுத்தத் தேவையில்லன்னுதான் ரிப்போர்ட் போவும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாப்பது வண்டி ஒரு டிராக்டர் பின்னால மாட்டிக்கிட்டா, உங்களத் தாண்டுறது கம்மியாத்தான் இருக்கும் சார். எவ்ளோ நேரம் மாட்டிக்கிட்டோம்னு எழுதுனீங்களா?"

"அதுக்கு ஃபாரத்துல எடம் இல்லியே."

தங்கை இன்டர்வியூ லெட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இதையும் ரிப்போர்ட்டோட சேத்து அனுப்புங்க சார்."

அவர் அதைப் படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

இந்த ரோட்டில் உங்களுக்கு என்னென்ன போச்சு? கீழே எழுதுங்கள். உட்கார்ந்து எண்ண நான் தயார்.