கலாமணியைக் கேளுங்க என்றவர்

கதிர்வேல் அண்ணன் இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதலில் வந்தது கலாமணி அக்காவின் போன். வடவள்ளியில் ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தேன். "சாதிக், அண்ணன் போயிட்டாருப்பா" என்றார் அக்கா. போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது. நான் இறங்கி வண்டியை எடுத்து மதுக்கரையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டாவது செய்தி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. எங்கள் காண்டிராக்டர் குழுவில் அண்ணனின் படத்துக்கு மாலை போட்டு, கீழே பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: "தனி ஒருவராக நின்று தொழிலில் உயர்ந்த எங்கள் அண்ணன்."

தனி ஒருவராக! அண்ணன் உயிரோடு இருந்து இதைப் படித்திருந்தால், எழுதியவர் கடை வாசலில் போய் வண்டியை நிறுத்தியிருப்பார். இனி அவரால் முடியாது. அதனால் நான் எழுதுகிறேன். இதைப் படிக்கப்போகிறவர்கள் எல்லாரும் அவரைத் தெரிந்தவர்கள்தான். அந்தப் படத்துக்கு அடியில் கும்பிடும் கைகளைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். கொஞ்சம் நின்று கேளுங்கள்.

கலாமணி அக்கா கோபிசெட்டிபாளையம் பக்கத்து வாழைக்காட்டுக் குடும்பம். சிவில் டிப்ளமோ முடித்துக் கோவையில் ஒரு பில்டர் ஆபீசில் பிளான் வரையும் வேலைக்கு வந்தவர். அண்ணன் அதே பில்டரிடம் டைல்ஸ் மேஸ்திரி. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஒரு நாள் சைட் பார்க்க வந்த அக்கா, அவர் போட்டு முடித்திருந்த குளியலறைத் தரையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்திருக்கிறார். தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் ஓடாமல் மூலையில் போய்த் தேங்கியிருக்கிறது. அடுத்து நடந்ததை அண்ணன் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவார்: "வாட்டம் பத்தலைங்க, பேத்துப் போடுங்கன்னாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லீங்க. பேத்துப் போட்டேன். அடுத்த மாசம் பொண்ணு கேட்டுப் போயிட்டேன்."

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொடங்கினார்கள். பழைய வீடுகளைத் திருத்துகிற வேலை. அன்றைக்குப் பெரிய காண்டிராக்டர்கள் அதைத் தொடமாட்டார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்பார்கள். இவர்களோ, இருக்கிற வீட்டுக்குள்ளேயே இன்னொரு வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். எந்தச் சுவரை எடுப்பது, எங்கே உத்தரம் கொடுப்பது, சமையலறையை எந்தப் பக்கம் திருப்புவது எல்லாம் அக்கா. ஆள், பொருள், கைவேலை அண்ணன். வயரிங் நான். கடைக்குப் போர்டு எழுதியபோது 'கலா - கதிர்' என்று அக்காவின் பெயரை முதலில் எழுதச் சொன்னவர் அண்ணன்தான். "எதையாச்சும் மாத்தோணும்னா அவங்களைக் கேக்கோணும். கேக்க வேண்டியவங்க பேர் முன்னாடி இருக்கட்டும்" என்றார்.

ஆனால் வந்தவர்கள் கேட்டது யாரை? ஒரு முறை மில் வைத்திருக்கும் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். அக்கா மேசையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். அண்ணன் அப்போதுதான் சைட்டிலிருந்து வந்து, தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு ஓரமாக ஸ்டூலில் இருந்தார். வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க. ஓனர் எப்ப வருவாருங்க?" என்றார். அக்கா பென்சிலைக் கீழே வைப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

"ஓனர் உங்க முன்னாலதானுங்க உக்காந்திருக்காங்க. தண்ணி நான் கொண்டாறேன்."

கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனிதர் குடித்தார். குடித்துவிட்டு மறுபடியும் அண்ணனைப் பார்த்தே கேட்டார், "மாடியில ரெண்டு ரூம் எடுக்க முடியுங்களா?" என்று. அண்ணன் அக்கா பக்கம் திரும்பி அப்படியே உட்கார்ந்திருந்தார். மில்காரர் கடைசியில் அக்காவைப் பார்த்தார். அந்த வேலை அவர்களுக்குத்தான் கிடைத்தது. ஆனால் வீடு முடிந்து பால் காய்ச்சிய அன்றைக்கும் பொன்னாடை அண்ணன் தோளில்தான் விழுந்தது. அவர் அதை எடுத்து அக்காவிடம் கொடுக்க, கூட்டம் அதை ஏதோ கணவன் மனைவி விளையாட்டு மாதிரிப் பார்த்துக் கை தட்டியது.

மகள் சௌமியா பிறந்தபோது அவர்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலையில் அக்கா சைட்டுக்குப் போவார், அண்ணன் வீட்டில் குழந்தையோடு இருப்பார். மதியத்துக்குமேல் அக்கா வருவார், அண்ணன் போவார். இந்த ஊரில் இதைச் செய்வதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கல்யாணப் பந்தியில் அண்ணனின் சொந்த அண்ணனே பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னார்: "எங்க தம்பி பொண்டாட்டிகிட்டக் கூலிக்குப் போறானுங்க." பந்தியே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். "ஆமாங்கண்ணா, லீவு மட்டும் குடுக்க மாட்டீங்கறாங்க" என்றார். திரும்பி வரும்போது வேனை நானே ஓட்டினேன். பாதி வழியில் நிறுத்தச் சொன்னார். ரோட்டோரம் இறங்கி நின்றார். "சிரிச்சுப்போட்டு வந்துட்டேன் சாதிக். சிரிச்சிருக்கக் கூடாது. அவ அங்கதான் உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தா."

அவரைச் சாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாய் பெரிது. முடியாத வேலைக்கெல்லாம் "செஞ்சுபோடலாமுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். அக்கா போன் போட்டு ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் சைட்டிலேயே சண்டை போடுவார்கள். கணபதி பகுதியில் ஒரு வீட்டில் நடுச்சுவரை எடுப்பதா வேண்டாமா என்று ஆரம்பித்து, சத்தம் தெருவுக்கே கேட்டது. அந்த வீட்டம்மா பயந்துபோய் என்னிடம், "ஏனுங்க, இவங்க பிரிஞ்சு போயிருவாங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, உங்க ஹால் நல்லா வரும்" என்றேன். சுவர் போனது. ஹால் நல்லாத்தான் வந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே தட்டில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு அடுத்த வேலைக்கு ஜன்னல் எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சாவதற்கு முன் இரண்டு நாளாக அவருக்கு நெஞ்சில் பாரமாக இருந்திருக்கிறது. டைல்ஸ் ஒட்டுகிற பையன்களிடம் "கேஸ் டிரபுள்டா" என்று சொல்லி, சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வீட்டுக்குக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தோம், மழைக்கு முன்னால் கான்கிரீட் போட வேண்டும் என்ற அவசரம். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பார். எல்லாவற்றுக்கும் அக்காவைக் கேட்கச் சொன்ன மனிதர், தன் நெஞ்சைப் பற்றி மட்டும் அவரிடம் வாய் திறக்கவில்லை. காலையில் பல் துலக்கப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார்.

காரியம் முடிந்த அன்று மதியம் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். முன்னறையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தோம். அண்ணனின் அண்ணன், நம் காண்டிராக்டர் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர், இன்னும் சில உறவுக்காரர்கள். அக்காவை உள்ளறையில் ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. அண்ணனின் அண்ணனான பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார், "கடையை எம் பையன் பாத்துக்குவானுங்க. அவனும் பி.ஈ. முடிச்சுட்டுச் சும்மாதான் இருக்கறான். கலாமணிப் புள்ளைக்கு இனி எதுக்கு இந்த அலைச்சல்?" சங்கத்து ஆள் தலையாட்டினார். "அதாங்க நல்லது. ஒரு ஆம்பளை இல்லாம சைட்டு ஓடாதுங்க. சௌமியாவுக்கு ஒரு மாப்பிள்ளை வந்துட்டா அப்பறம் பாத்துக்கலாம்."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்று சிலர் என்னிடம் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில் பேசினார்களாம். நல்ல எண்ணத்தில் ஒரு பெண்ணின் வாழ்நாள் வேலையை, அவள் காது கேட்க, சாப்பாட்டு இலை காய்வதற்குள் இன்னொருவனுக்குக் கொடுக்க முடியுமா? முடியும். என் கண்ணால் பார்த்தேன்.

அக்கா எழுந்து வந்தார். முகம் வீங்கியிருந்தது. பெரியவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சாதிக், கோபி ஊட்ல ஸ்லாபுக்குள்ள கரண்டு பைப் ஓட்டி முடிச்சாச்சா?"

"ஓட்டிப்போட்டேனுங்க்கா."

"அப்ப நாளைக்குக் கான்கிரீட் போட்டர்லாம். மேஸ்திரிக்குச் சொல்லீரு."

பெரியவர் பதறினார். "அம்மணி, நாளைக்கேவா? ஊரு என்ன பேசும்?"

"அவங்க ஊட்டுக்குக் கூரை இல்லீங்க மாமா. மழை வந்தா ஊரா வந்து நனையப்போகுது?"

அவ்வளவுதான் பேசினார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இன்று வரை அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

மறுநாள் காலை கோபிக்குப் போய் இறங்கினால், அங்கே வேறொரு காண்டிராக்டரின் ஆள் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தான். வீட்டுக்காரர் அரிசி ஆலை வைத்திருப்பவர். துக்கம் விசாரிக்க மாலையோடு வந்துபோன மனிதர். அக்காவைக் கண்டதும் திணறினார். "இல்லீங்க, நீங்க இந்த நெலமையில வருவீங்கன்னு நெனைக்கலை" என்றார். அக்கா அளந்துகொண்டிருந்தவனிடம் போய், "கண்ணு, கம்பி கட்டியிருக்குது. மிதிக்காம அள" என்றார். அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். வீட்டுக்காரர் என்னை ஓரமாக இழுத்து, "சாதிக், நீங்க கூட நின்னு பாத்துக்குவீங்கல்ல?" என்றார். "நான் கரண்டு வேலைங்க. கான்கிரீட்டுக்கு அக்காவைக் கேளுங்க" என்றேன்.

மிக்சர் ஓட ஆரம்பித்தது. அக்கா சாரத்தின் மேல் பலகையில் நின்று, கம்பியைத் தாங்கும் சிறு கட்டை சரியாக இருக்கிறதா, கலவை மூலை வரைக்கும் போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. பாதி ஸ்லாப் முடிந்திருந்தது. ஒரு மூலையில் கலவை முழுசாக இறங்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, குனிந்தபடியே, திரும்பாமல், "ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார்.

இத்தனை வருடமும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார். அண்ணன் எங்கிருந்தாலும் வருவார்.

சட்டி தூக்கிக்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தார். மிக்சர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மேஸ்திரியைப் பெயர் சொல்லி அழைத்தார். "செல்வம், வைப்ரேட்டரை இந்தப் பக்கம் கொண்டா. நிறுத்தாதீங்க, கலவை இறுகிப்போகும்."

அந்த ஸ்லாப் முடிந்தது. அந்த வீடும் முடியப்போகிறது. வீட்டுக்காரர் இப்போதெல்லாம் அக்காவிடம்தான் பேசுகிறார். ஆனால் எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. பேசி வைத்திருந்த வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் போனில் விளக்கம் சொன்னார், "சார் இருந்தா தைரியமா குடுப்போமுங்க" என்று. அவர் வீட்டு பிளானை வரைந்தது யார் என்று அவருக்குத் தெரியும். அக்கா வரைந்த அதே தாளை வைத்துத்தான் இப்போது வேறொருவர் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறார். சௌமியாவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "சீக்கிரம் மாப்பிள்ளை பாத்துருங்க, தொழிலுக்கும் ஆச்சு" என்கிறார்கள். அந்தப் பெண் நர்சிங் படிக்கிறாள். அவளுக்குச் செங்கல்லில் ஆசை இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தொழிலை நடத்துகிறவர் உயிரோடு, அதே மேசையில், பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டி நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள்?

போன வாரம் போத்தனூரில் ஒரு வீட்டுக்கு ஸ்விட்ச் மாற்றப் போயிருந்தேன். வீட்டுப் பெரியவர் டீ கொடுத்துவிட்டு, "கதிர்வேல் சம்சாரம் பாவம். எப்படியோ சமாளிக்கறாங்களாமே?" என்றார்.

"பாவமுன்னு எதுக்குங்க சொல்றீங்க? உங்க ஊட்டு மாடிப்படியை இங்க கொண்டாந்து வெச்சது அவங்கதானுங்க."

"அப்படியா? கதிர்வேல் வெச்சதுன்னுல்ல நெனச்சேன்."

"அண்ணன் கல்லு ஒட்டுனாரு. படி இங்க வந்தா ஹாலுக்கு வெளிச்சம் வருமுன்னு சொன்னது கலாமணி அக்கா. அண்ணன் இருந்தா அவரே உங்ககிட்டச் சொல்லுவாருங்க."

சமையலறையிலிருந்து அவர் மருமகள் எட்டிப் பார்த்தாள். நான் அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கிறேன். எனக்கு அப்படிப் பேசிப் பழக்கம் இல்லை. வேலைக்குப் போகிற வீட்டில் குரல் உயர்த்தக் கூடாது என்று வளர்ந்தவன். அந்தக் குரல் அண்ணனுடையது. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதை அடக்கிப் பேசப்போவதில்லை.