பன்னிரண்டாவது ஈயத் துண்டு

ரேடியோ மெக்கானிக் கையில் நாலு ஸ்க்ரூ மிஞ்சவில்லை என்றால் அவன் செட்டைத் திறக்கவே இல்லை என்று அர்த்தம். நல்லம்பள்ளியில் கடை போட்ட நாளிலிருந்து நான் சொல்லிவந்த வசனம் இது. கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் அடுத்த முறையும் என்னிடமே வருவார்கள். ரேடியோவோ இஸ்திரிப் பெட்டியோ, மிஞ்சியதைப் போட்டுவைக்க மேசை ஓரத்தில் ஒரு பால்பவுடர் டப்பா வைத்திருந்தேன். அது பாதிக்கு மேல் நிறைந்திருந்ததில் எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

எண்பதுகளின் நடுவில் என் மனைவியின் அண்ணன் வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தார். வடக்கே எங்கோ, விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான தளம் ஒன்றில் பதினைந்து வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். ஏன் விட்டார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "போதும்னு தோணுச்சு" என்பார். ஒன்றரை வருஷமாக அவர் ஒரு கருவியைக் கையால் தொடவில்லை. குழாய் ஒழுகினால் அடியில் வாளியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பாப்பாரப்பட்டியில், அந்த அம்மாவின் தாய்வீட்டில் இருந்தார்கள். அவர் ஏதாவது ஒரு வேலையில் உட்கார்ந்தால்தான் வருவோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"எங்கண்ணன் கையில மறுபடி ஒரு ஸ்க்ரூ டிரைவர ஏத்திக் குடுங்க. வேற எதும் நான் கேக்கல" என்றாள் என் மனைவி. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட பெரிய காரியம் அதுதான்.

கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாக, விமானத்தையே கழற்றி மாட்டியவரிடம் என் ரேடியோ வித்தைகளைக் காட்டி ஆசை மூட்டப் பார்த்தேன். பாட்டுப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, "இது என்ன வயருங்க மச்சான்?" என்று தெரியாதவன்போல் கேட்பேன். சொல்வார். கை மட்டும் மடியை விட்டு எழாது.

அப்படியிருக்கும்போது ஒரு பார்சல் வந்தது. அவரோடு வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போய் வாங்கி அனுப்பிய பெட்டி. உள்ளே ஒரு செய்முறைக் குறிப்பு, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள், ஒட்டிச் சேர்த்தால் ஒரு ஜெட் விமானம் வருமாம். மேல்மூடியில் படம் போட்டிருந்தது. ஜெட் வந்த புதிதில் பயிற்சிக்கென்றே செய்த விமானம், வாத்தியாரும் மாணவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரட்டை இருக்கை. வயிறு பருத்த தவளைக்கு இரண்டு வால் முளைத்ததுபோல் இருந்தது எனக்கு. அவர் அதைப் பார்த்ததும் மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். ஒரு மாசம் கழித்து வீடு பெருக்கும்போது என் மனைவி அதை எடுத்து நேரே என் மேசையில் வைத்தாள். பின்னாலேயே அவரும் வந்தார். கொஞ்ச நேரம் மூடியையே பார்த்திருந்துவிட்டு, "நீங்க செய்யுங்க மாப்ள. நான் படிச்சுச் சொல்றேன்" என்றார்.

அப்போது தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. அந்த நேரத்தில் கதவோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு செய்வோம். துண்டுகளைப் பிளேடால் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பசை தொட்டு, காயும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். அவர் சொல்வார், நான் செய்வேன். முடித்து எழும்போது பிளேடு, ட்வீசர், அரம், பிரஷ் என்று ஒவ்வொன்றாக எண்ணச் சொல்வார். ஒன்று குறைந்தாலும் எழுந்திருக்க விடமாட்டார். பொம்மை விமானத்துக்கு இவ்வளவு கெடுபிடியா என்று மனைவியிடம் போய்ப் பரிகாசம் செய்தேன்.

அந்த விமானத்துக்கு மூக்கில் கனம் வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரம் தரையில் நிற்காது, வாலில் குந்திக்கொள்ளும் என்று குறிப்பில் போட்டிருந்தது. கனத்துக்கு நான் எங்கே போவேன், பற்றவைக்கிற ஈயக்கம்பிதான் கைவசம் இருக்கிறதே. பன்னிரண்டு துண்டாக நறுக்கிக் காகிதத்தில் வரிசையாக வைக்கச் சொன்னார். கெட்டிப் பசையைக் குழைத்து ஒவ்வொன்றாக மூக்குக்குள் ஒட்டினேன். பதினொன்று ஒட்டியாயிற்று. பன்னிரண்டாவது ட்வீசரிலிருந்து நழுவி வயிற்றுக்குள் எங்கோ போய்விட்டது. ஆட்டிப் பார்த்தேன், வரவில்லை. பசை இறுகிக்கொண்டிருந்தது. பதினொன்றே போதும் என்று பட்டது. இரண்டு பாதியையும் சேர்த்து மூடிவிட்டேன்.

"பன்னண்டும் உள்ள போயிருச்சா?" என்று கேட்டார்.

"போயிருச்சுங்க மச்சான்" என்றேன். போனது உண்மைதானே. எங்கே போனது என்பதைத்தான் சொல்லவில்லை. அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த வரியைப் படிக்க ஆரம்பித்தார்.

டிரங்குப் பெட்டிக்கு அடிக்கிற வெள்ளிப் பெயின்ட்டை அடித்தோம். இறக்கையில் மஞ்சள் பட்டை. கடைசியாகத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற பொடி எழுத்துகள், எண்கள். என் விரல் தடித்தது. முதல் எண்ணையே கிழித்துவிட்டேன். அவர் 'ச்சு' என்று கையை நீட்டினார். நான் மூச்சுவிடாமல் ட்வீசரைக் கொடுத்தேன். வாங்கினார். மிச்சமிருந்த அத்தனையையும் அவரே ஒட்டினார். கதவோரம் நின்றிருந்த என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. பாப்பாரப்பட்டிக்குச் சொல்லியனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் எழுத்துகள் காய்ந்திருந்தன. விமானம் மூன்று சக்கரத்திலும் அழகாக நின்றது. அடிப்பக்கத்தைப் பார்க்க அவர் அதைத் தூக்கிச் சாய்த்தார். உள்ளே 'கிலுக்' என்று ஒரு சத்தம். மறுபுறம் சாய்த்தார். மறுபடியும் கிலுக்.

அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். விமானத்தை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "உள்ள என்னமோ கெடக்குது" என்றார்.

"காஞ்ச பசையா இருக்குமுங்க" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மூடியிலிருந்த படத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். அந்தத் தளத்தில் கருவிப் பெட்டியைத் திறக்கும்போது ஒரு தரம், மூடும்போது ஒரு தரம் எண்ணி எழுத வேண்டும். எண்ணிக்கை ஒத்துவராமல் விமானம் வெளியே போகக் கூடாது. ஒருநாள் வேலை முடித்து எண்ணும்போது ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் குறைந்திருக்கிறது. இன்னொரு பெட்டியில் கிடக்கும் என்று நினைத்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில் இதே மாதிரி இரட்டை இருக்கை விமானம் வாத்தியாரோடும் ஒரு மாணவனோடும் மேலே போனது. திரும்பி வரவில்லை.

"கழுகு மோதிருச்சுன்னு எழுதுனாங்க. இருக்கலாம். யாரும் என்னைய ஒரு வார்த்த கேக்கல" என்றார். "ஆனா அந்த ஸ்க்ரூ டிரைவர் இன்னிக்கி வரைக்கும் கெடைக்கல மாப்ள."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் அவர் எண்ணச் சொன்னபோதெல்லாம் சிரித்தவன் நான். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று, பன்னிரண்டாவது நழுவியதையும் தெரிந்தே மூடியதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தெரியும். அன்னிக்கே உங்க மூஞ்சி சொல்லுச்சு" என்றார். "தெரிஞ்சும் நான் கேக்காம விட்டேன் பாருங்க, அதுதான் எனக்குப் பயமா இருக்குது."

பிரித்து எடுத்துவிடலாம் என்றேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று எழுந்து போனார். அந்த விமானம் பிரிக்கப்படாமல் இன்றும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

மூன்று நாள் அவர் கடைப்பக்கம் வரவில்லை. பழையபடி மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றுத் தட்டை வைத்த சத்தத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கியது. கைக்கு வந்த மனுஷனை ஒரு பொய்யால் கெடுத்துவிட்டேனே என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

நாலாம் நாள் மத்தியானம் வந்தார். மேசைமுன் உட்கார்ந்து என் பால்பவுடர் டப்பாவை எடுத்துப் பழைய பேப்பரில் கொட்டினார். விரலால் தள்ளித் தள்ளிப் பிரித்தார். பழக்கதோஷத்தில் என் வசனம் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. அவர் ஒரு பித்தளை ஸ்க்ரூவை எடுத்தார். அதில் பல்வைத்த வாஷர் ஒன்று கோத்திருந்தது.

"இது இஸ்திரிப் பெட்டியோட எர்த் ஸ்க்ரூ. எந்தப் பெட்டியோடது?"

எனக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள் கரண்ட் கசிந்து மேல்தகட்டுக்கு வந்தால் அதைத் தரைக்கு இழுத்துப் போகிற வயரைப் பிடித்திருப்பது அந்த ஸ்க்ரூதான். அது இல்லாவிட்டால் கரண்ட், பெட்டியைப் பிடிக்கிறவர் உடம்பு வழியாகத்தான் தரைக்குப் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும் இது. எனக்கும் தெரியும். தெரிந்த நான்தான் அதை டப்பாவில் போட்டு அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஸ்க்ரூ இன்னும் கறுக்கவில்லை, சமீபத்தில் விழுந்ததுதான். பொங்கலிலிருந்து அன்றுவரை ஆறு இஸ்திரிப் பெட்டி பார்த்திருந்தேன். ஆறு வீட்டையும் ஞாபகப்படுத்திச் சொன்னேன்.

அவர் எழுந்து என் கருவிப் பலகையிலிருந்து இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர் எடுத்துத் துணியில் சுற்றினார். "நாலு" என்றார். அவர் கையில் ஸ்க்ரூ டிரைவர் ஏறிய நிமிஷம் அதுதான். இத்தனை மாசம் அதைப் பார்க்கத்தான் பாடுபட்டேன். இப்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கரண்ட் வந்ததும் நான் சைக்கிளை மிதிக்க அவர் பின்னால் உட்கார்ந்தார். முதல் மூன்று வீட்டில் பெட்டிகள் சரியாக இருந்தன. நாலாவது சந்தைத் தெருவில் ஒரு டெய்லர் வீடு. அவர் தைத்த துணியை எல்லாம் தேய்ப்பது அவருடைய மனைவிதான். நாங்கள் போனபோது அந்த அம்மா தேய்த்துக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு மணைப் பலகை. அதன்மேல் ஏறி நின்றிருந்தார்.

எதற்கு மணை என்று மச்சான் கேட்டார்.

"தரையில நின்னா சுருக்குன்னு கடிக்குதுண்ணா. இதும்மேல நின்னுக்கிட்டா ஒண்ணும் பண்றதில்ல" என்றார் அந்த அம்மா. முன்பும் அப்படித்தானா என்று கேட்டதற்கு என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "இல்லீங்க, இந்த அண்ணன் ரிப்பேர் பண்ணிக் குடுத்ததுல இருந்துதான். இப்ப சூடு நல்லா ஏறுதில்ல, அதுக்குத்தான் கடிக்குதுன்னு நெனச்சேன். புள்ளைங்களத்தான் கிட்ட விடறதில்ல" என்றார்.

நாலு மாசம். நான் நன்றாக ரிப்பேர் செய்ததால் கடிக்கிறது என்று நம்பிக்கொண்டு நாலு மாசம் அந்த அம்மா பலகைமேல் நின்றிருக்கிறார். மச்சான் டெஸ்டரைத் தகட்டில் வைத்தார். விளக்கு எரிந்தது.

பிளக்கைப் பிடுங்கிப் பெட்டி ஆறும்வரை காத்திருந்து திறந்தார். தொங்கிக்கொண்டிருந்த எர்த் வயரைப் பித்தளை ஸ்க்ரூவால் முடுக்கினார். கசிவு எங்கே என்று தேடி அதையும் சரிசெய்தார். சுவரிலிருந்த பிளக்கிலும் எர்த் வருகிறதா என்று பார்த்தார். ஒன்றரை வருஷம் சும்மா இருந்த கை மாதிரியே இல்லை. மூடி, பிளக்கைச் செருகி, சூடேறுவதற்குள் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"செருப்பக் கழட்டிட்டு வெறுந்தரையில நின்னு மேல்தகட்ட நீங்க தொடுங்க மாப்ள."

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கழற்றினேன். சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. தொட்டேன். ஒன்றும் இல்லை. நான் விட்ட ஸ்க்ரூதான் காரணம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு நின்றது. குனிந்து மணையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாசலில் மச்சான் துணியை விரித்து எண்ணினார். நாலும் இருந்தது.

"டப்பாவுல மொத்தம் எத்தன ஸ்க்ரூ இருக்குது மாப்ள?" என்று கேட்டார்.

"எண்ணுனதில்லீங்க மச்சான்."

"செரி, வாங்க, எண்ணுவோம்" என்று சைக்கிளை அவரே வாங்கிக்கொண்டார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.