மூன்று நூல், ஒரு கோணி வாய்

கோணூசி விளிம்புக்கு ஒரு விரற்கடை உள்ளே இறங்கியது. அடியில் காத்திருந்த இடது கைப் பெருவிரல் அதை வாங்கி மேலே தள்ளியது. சணல் நூல் சரசரவென்று ஓடிவந்து நின்றது. மறுபடி ஒரு விரற்கடை. கைகள் அளவு பார்க்கவில்லை. அளவு தவறவும் இல்லை. மூலைக்கு வந்ததும் கோணியைக் கொஞ்சம் கசக்கிப் பிடித்து, பூனைக் காது போல ஒரு காது எடுத்து, இரண்டு சுற்று சுற்றி இழுத்தன. காது சரியாக அமையாவிட்டால் மூட்டை தூக்குகிறவனுக்குப் பிடி கிடைக்காது. பிடி கிடைக்காவிட்டால் எண்பது கிலோவும் அவன் இடுப்பில் போய் உட்காரும்.

இடுப்பில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரிக்கு நன்றாகத் தெரியும். திரௌபதியின் புருஷன் மண்ணாங்கட்டி அப்படித்தான் முப்பத்தெட்டு வயதில் லோடு ஏற்றும் வேலையை விட்டான். செங்கம் பக்கம் மானாவாரி நிலத்தை அண்ணன்காரனிடம் விட்டுவிட்டு திருவண்ணாமலைக்கு வந்த குடும்பம். புருஷன் படுத்த வாரமே திரௌபதி சக்கரபாணியின் மில்லுக்கு, மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கும் மில்லுக்குப் போய், கிழிந்த கோணி தைக்கிறேன் என்றாள். தைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றாள். தெரியாது. கல்கத்தாவிலிருந்து வந்த புதுக் கோணி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய், தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிரித்த வழியே திரும்பத் தைத்துப் பார்த்தாள். நாலாவது தடவை கோணி தன் பழைய உருவத்துக்கு வந்தது. அது அறுபத்து மூன்றாம் வருஷம். அதன் பிறகு அவளுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

எழுபத்தொன்பது வரை வியாபாரம் இப்படி நடந்தது. சக்கரபாணியின் மில்லில் மல்லாட்டை உடைபட்டுப் பருப்பாகும். பருப்பு மூட்டைகளை முருகையனின் லாரி ஏற்றிக்கொண்டு போளூருக்குப் போகும். போளூரில் அப்பாசாமியின் எண்ணெய் மில் அதை ஆட்டும். காலிக் கோணிகள் அதே லாரியில் திரும்பி வந்து திரௌபதியின் முன்னால் விழும். மூன்று முதலாளிகளும் ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் போளூரில் செக்கு ஒரு நாளும் நின்றதில்லை. இது தங்கள் கெட்டிக்காரத்தனம் என்று மூன்று பேரும் தனித்தனியே நம்பினார்கள்.

உண்மையில், காலிக் கோணி நாற்பதுக்கு மேல் வந்து விழுந்தால் போளூரில் சரக்கு கம்மியாகிவிட்டது என்று திரௌபதிக்குத் தெரியும். "மொதலாளி, ரெண்டாவது மிஷினயும் ஓட்டச் சொல்லுங்க" என்று உள்ளே ஒரு குரல் கொடுப்பாள். லாரி டிரைவரிடம், "வியாழக்கெழம வண்டிய வேற எங்கயும் வுட்ராதய்யா" என்பாள். கோணியில் எண்ணெய்ப் பிசுக்கு ஜாஸ்தியாக இருந்தால், போளூரில் பருப்பை வெயிலில் போட்டுவிட்டார்கள் என்று அப்பாசாமிக்குச் சொல்லி அனுப்புவாள். மூன்று கம்பெனிகளுக்கும் நடுவில் ஒரு கோணூசிதான் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை.

அந்த வருஷம் ஆடி மாதம் சக்கரபாணி மதராஸில் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போனார். சாப்பாடு இலவசம், ஒரு ஃபைல், ஒரு பேனா. திரும்பும்போது இவற்றோடு ஒரு சொல்லையும் கொண்டுவந்தார்: ஒருங்கிணைப்பு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதை முருகையனிடம் சொன்னார். முருகையன் டிரங்க் கால் போட்டு அப்பாசாமியிடம் சொன்னார். பதினைந்து வருஷமாகச் சரியாகப் பேசாதவர்கள் ராஜகோபுரத்துக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்து, போண்டா வரவழைத்து, ஒருங்கிணைப்புக் குழு ஒன்றை ஆரம்பித்தார்கள்.

முதல் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பாராட்டித் தீர்மானம் போட்டார்கள். இரண்டாவது கூட்டத்தில் ரப்பர் ஸ்டாம்ப் செய்ய முடிவானது. மூன்றாவது கூட்டத்தில்தான் விஷயத்துக்கு வந்தார்கள்: இனிமேல் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போகிற தகவல் எதுவானாலும் எழுத்து மூலமாக, மூன்று பேர் கையெழுத்தோடு போகவேண்டும்.

மறுநாள் திரௌபதி வழக்கம்போல உள்ளே குரல் கொடுத்தாள். சக்கரபாணி வெளியே வந்தார்.

"திரௌபதி, இனிமே அதெல்லாம் குழு பாத்துக்கும். நீ தைக்கிற வேலைய மட்டும் பாரு."

"சரிங்க மொதலாளி. போளூர்ல சரக்கு தீந்துபோச்சின்னா?"

"தீந்துபோச்சின்னு அவங்க எழுதுவாங்க."

எழுதினார்கள். கடிதம் ஆறு நாள் கழித்து வந்தது. அதற்குள் போளூர் செக்கு இரண்டு நாள் நின்று, மூன்றாம் நாள் வந்த லாரியில் காலிக் கோணி ஏற்றக் கையெழுத்து இல்லை என்று லாரி காலியாகவே திரும்பியிருந்தது.

கார்த்திகை பிறந்ததும் குழு தன் பெரிய தீர்மானத்தைப் போட்டது. கோணி யாருடையது என்று தகராறு வராமல் இருக்க, மூட்டையின் வாயில் கம்பெனிக்கு ஒன்றாக மூன்று வரிசை கலர் நூல் தைக்கவேண்டும். சக்கரபாணிக்குச் சிவப்பு, குங்குமத்தின் நிறம் என்றார். அப்பாசாமிக்குக் கறுப்பு, எண்ணெய் அழுக்கு தெரியாது என்றார். முருகையனுக்கு வெள்ளை, வண்டியின் சுத்தத்துக்கு அடையாளம் என்றார். சரக்கு மில்லில் புறப்பட்டு, லாரியில் ஏறி, செக்குக்குப் போகிறது. ஆகவே அதே வரிசை: சிவப்பு, வெள்ளை, கறுப்பு. எல்லாம் ஊதா மசியில் எழுதப்பட்டதால் தாளில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் தேர்தல்.

திரௌபதி முதல் கோணியைத் தைத்து முடித்துத் தூரத்தில் நிறுத்திப் பார்த்தாள். கூட வேலை செய்யும் நாலு பெண்களில் தனமும் ஆதிலட்சுமியும் பார்த்தார்கள். தனம்தான் முதலில் சிரித்தாள். திரௌபதி சிரிக்காமல் எழுந்து உள்ளே போனாள்.

"மொதலாளி, கோணி வாயப் பாத்தா கொடி மாதிரி கீதுங்களே. அப்பாசாமி மொதலாளி அந்தக் கச்சி இல்லீங்களே."

"உன்னத் தைக்கிற வேலைய மட்டும் பாருன்னு சொன்னனா இல்லியா?"

சக்கரபாணிக்குக் கட்சி கிடையாது. யார் ஜெயித்தாலும் மாலை போடுகிறவர். அவர் கண்ணுக்கு நூல் நூலாகத்தான் தெரிந்தது.

ஐம்பது மூட்டை போளூருக்குப் போனது. அப்பாசாமி தன் மில் வாசலில் நின்றார். கறுப்பும் சிவப்பும் அவர் கட்சிக் கொடி. நடுவில் வெள்ளை வந்தால் அது போட்டிக் கட்சியின் கொடி. ஊரில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரிந்த இந்த விவரம் தீர்மானப் புத்தகத்துக்குத் தெரிந்திருக்கவில்லை.

"எம் மில்லுக்குள்ள அம்பது கொடிய அனுப்பிட்டு கோணின்னு சொல்றியா? திருப்புய்யா வண்டிய!"

வண்டி திரும்பியது. குழு அவசரமாகக் கூடி வெள்ளையை ஓரத்துக்கு மாற்றியது. பெண்கள் ஐம்பதையும் பிரித்துத் தைத்தார்கள். புதிதாக இருநூற்றைம்பது மூட்டையும் அப்படியே தைத்து அடுக்கினார்கள். இப்போது முருகையன் வந்து பார்த்தார். அவர் நடுவில் வெள்ளை உள்ள கட்சி.

"என் வெள்ளைய ஓரங்கட்டிட்டு, அவுங்க கொடிய என் வண்டியிலயே ஏத்தி ஊர்வலம் வுடப் பாக்குறீங்களா? ஒரு மூட்ட ஏறாது!"

சனிக்கிழமை மத்தியானம் லாட்ஜில் மறுபடி போண்டா வந்தது. திங்கட்கிழமையிலிருந்து கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டத்துக்காக லாரிகளை ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே நிறுத்திவிடுவார்கள். பத்து நாளைக்கு ஊருக்குள் வண்டி வராது. முந்நூறு மூட்டை பருப்பு உள்ளே, செக்கு வெளியே. பச்சை நூல் போடலாம் என்றார் சக்கரபாணி. பச்சைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்கள் மற்ற இருவரும். இதை ஆராய ஒரு துணைக்குழு அமைப்பது என்று முடிவானது. துணைக்குழுவிலும் அதே மூன்று பேர்.

ஒரு விஷயத்தில் மட்டும் மூவரும் ஒன்றுபட்டார்கள். குற்றம் தையலில் இருக்கிறது. சக்கரபாணி திரும்பிவந்து தீர்மானத்தைத் திரௌபதிக்கு வாசித்தே காட்டினார்: ஞாயிறு பொழுது சாய்வதற்குள் மூட்டைகள் ஏறாவிட்டால், கோணி வேலை முழுவதும் வேலூரில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்குப் போகும். அப்பாசாமி போளூர் பஸ் ஏறிய பிறகு கடிதமும் எழுதியாகிவிட்டது.

தனம் அழ ஆரம்பித்தாள். ஐந்து வீட்டு அடுப்பு அந்தக் கோணியை நம்பி எரிந்தது.

திரௌபதி அழவில்லை. வீட்டுக்குப் போய், கயிற்றுக் கட்டிலில் கிடந்த புருஷனைப் பார்த்தாள்.

"யோவ், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு முறுக்குவியே, கை மறந்துபோச்சா?"

"இடுப்புதான்மே போச்சு. கை எங்க போச்சு?"

"மூணு கலரையும் சேத்து ஒரே புரியா முறுக்கித் தா."

மண்ணாங்கட்டி யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அப்ப யாரு நடுவுல?"

"ஒருத்தனும் இல்ல. ஓரத்துலயும் இல்ல."

ஞாயிறு விடிந்ததும் அவன் கோலூன்றி வந்து, மில் சுவரில் ஆணி அடித்து, மூன்று நூலையும் கட்டி முறுக்கத் தொடங்கினான். சிவப்பு எங்கே முடிகிறது, கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத, பாம்புச் சட்டை போன்ற ஒரு கயிறு அவன் கையிலிருந்து நீண்டது. ஐந்து பெண்களும் மூட்டை வாய்களைப் பிரித்தார்கள். மூன்று வரிசை இருந்த இடத்தில் ஒரே வரிசை. ஆகவே பிரிக்க ஆன நேரம்கூடத் தைக்க ஆகவில்லை. தனம் அவசரத்தில் ஒரு மூட்டைக்குக் காது எடுக்காமல் விட்டாள். திரௌபதி அதைப் பிரித்துத் திரும்பத் தைக்கவைத்தாள்.

"நேரமே இல்லக்கா!"

"ஏத்துறவனுக்கு இடுப்பு ஒண்ணுதான்டி."

நாலு மணிக்கு முருகையன் மூன்று லாரிகளோடு வந்தார். மூட்டை மூட்டையாகக் குனிந்து பார்த்தார். கொடியைத் தேடினார், கிடைக்கவில்லை. தன் வெள்ளையைத் தேடினார்; கிடைத்தது. பிறர் நூலைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகக்கூட இருப்பதாக அவருக்குப் பட்டது. மூன்று பேருக்கும் அப்படித்தான் படும்படி இருந்தது அந்தப் புரி.

"பாத்தீங்களா?" என்றார் சக்கரபாணி, நெஞ்சை நிமிர்த்தி. "இதுதான் ஒருங்கிணைப்பு. நாளைக்கே தீர்மானம் போட்டுப் பதிஞ்சிரலாம்."

லோடு ஏறத் தொடங்கியது. இருநூற்றெண்பது ஏறியபின் லோடு ஆட்கள் நின்றார்கள். மிச்சம் இருபது மூட்டையின் மேல் திரௌபதி உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரும்மா, பொழுது போவுது" என்றார் முருகையன்.

"வேலூருக்கு எழுதுன காயிதம் போயிடுச்சிங்களா?"

முருகையன் சக்கரபாணியைப் பார்த்தார். சக்கரபாணி லாரியைப் பார்த்தார். கடிதம் போகவில்லை. எப்படிப் போகும்? மூன்று கையெழுத்து வேண்டுமே. இரண்டு விழுந்திருந்தது. மூன்றாவதை வாங்கப் போளூருக்கு இதே லாரியில், முருகையனின் சட்டைப் பையில் அது போகவிருந்தது.

"அத இப்டிக் குடுங்க."

"அது குழுவோட காயிதம்" என்றார் சக்கரபாணி. "ரத்து பண்ணணும்னா கூட்டம் போட்டுத்தான் பண்ணணும்."

"போடுங்க மொதலாளி. போண்டா வரட்டும். நான் இங்கயேதான் குந்தியிருக்கேன்."

லோடு ஆட்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். முருகையன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தார். பிறகு, குழு ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாக யாரையும் கலந்து பேசாமல், சட்டைப் பையில் கை விட்டார்.

திரௌபதி காகிதத்தைப் பிரித்து, இரண்டு கையெழுத்தையும் விரலால் தொட்டு எண்ணிவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மூட்டையை விட்டு இறங்கி, மேல் மூட்டையின் காதைப் பிடித்துச் சாய்த்து, குனிந்து நின்றவனின் முதுகில் ஏற்றிவிட்டாள்.