ஏற்றத்தில் பஸ், எட்டில் செவ்வாய்

டெப்போவில் அவளுக்குப் பெயர் விசில். பதினோரு வருடக் கண்டக்டர் வேலையில் அவள் விசிலை வாயில் வைத்தது குறைவு. பின்படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பஸ் மட்டுமல்ல, பக்கத்தில் போகிற வேனும் நின்றுவிடும். சில்லறை இல்லை என்று நீட்டி முழக்குகிறவர்கள்கூட அவள் புருவத்தைத் தூக்கினால் எந்தப் பையிலிருந்தோ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஓர் எண்ணைக் கேட்டால் மட்டும் உள்ளங்கை வியர்க்கும். எட்டு.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய்மாமன் சொல்லிவிட்ட சொல் அது. "எட்டாம் வீட்டுல செவ்வாய் உட்கார்ந்திருக்கான். எட்டுங்கறது ஆயுள் ஸ்தானம். வண்டியால கண்டம். சக்கரம் இவ கையில வரவே கூடாது." மாமா இன்று பெயர் பெற்ற ஜோசியர். அவர் வீட்டு வாசலில் எப்போதும் பத்து ஜோடி செருப்பு கிடக்கும். அம்மாவுக்கோ தம்பி சொன்னால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அந்த எட்டு அவளோடு கூடவே வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களும் சைக்கிளில் பறக்க, இவள் புத்தக மூட்டையோடு நடந்தாள். கல்யாணத்தின்போது மாப்பிள்ளையிடம் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஸ்கூட்டர் வச்சிருக்கீங்களா தம்பி?" இருக்கிறது என்று அவர் பெருமையாகச் சொல்ல, அம்மா முகம் சுருங்கிப்போனது. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற அந்த மனிதர் நல்லவர். ஸ்கூட்டரை விற்றுவிட்டுத்தான் தாலி கட்டினார். கண்டக்டர் வேலை வந்தபோது அம்மா மூன்று நாள் யோசித்து ஒரு தீர்ப்பு சொன்னாள்: "வண்டியில நிக்கலாம். ஓட்டத்தான் கூடாது."

ஆனால் பதினோரு வருடம் பஸ்ஸின் பின்பாதியில் நின்றவளுக்கு முன்பாதியின் மேல் ஆசை வராமல் இருக்குமா? கியர் மாறும் சத்தத்தை வைத்தே ஓட்டுகிறவரின் மனநிலையைச் சொல்லிவிடுவாள். அவளோடு ஜோடியாக ஓடும் டிரைவருக்கு மெதுவண்டி என்று பட்டப்பெயர். அவர் ஒருநாள் கேட்டார்: "ஏம்மா விசில், பின்னாடி நின்னுக்கிட்டே கால் கிளட்சை மிதிக்குதே, அந்தக் காலுக்கு ஒரு லைசென்ஸ் எடுத்துக் குடுத்தா என்ன?"

வீட்டுக்காரர் துணைக்கு வர, அம்மாவுக்குத் தெரியாமல் கனரக வண்டி லைசென்ஸ் எடுத்தாள். அந்த வருடமே கம்பெனியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். லைசென்ஸ் உள்ள கண்டக்டர்கள் டிரைவராகலாம். ஓட்டிக் காட்ட இரண்டே வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் ஓய்வு பெறும்வரை கண்டக்டர்தான்.

முதல் வாய்ப்பில் தவறினாள். தகரப் பீப்பாய்களுக்கு நடுவே பஸ்ஸைப் பின்னால் எடுத்தது நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஏற்றம். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி கிளப்ப வேண்டும். நிறுத்தினாள். கிளப்பப் போன நொடியில் மாமாவின் குரல் காதுக்குள் கேட்டது. கால் வெடவெடத்தது. கிளட்ச் சட்டென்று விட்டுப்போய் எஞ்சின் அணைய, பஸ் பின்னால் உருண்டு கல்தடுப்பில் இடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் செய்தி மாலைக்குள் அம்மாவை எட்டிவிட்டது.

அம்மா கத்தவில்லை. அதுதான் மோசம். "பார்த்தியா, மாமா சொன்னது," என்றாள். "இன்னொரு தடவை போனேன்னா நான் சோறு தண்ணி தொட மாட்டேன்."

இரண்டாம் வாய்ப்புக்கு மூன்று வாரம் இருந்தது. விண்ணப்பத்தோடு பிறப்புச் சான்றிதழின் நகல் கேட்டார்கள். அதைத் தேடி அம்மாவின் பெட்டியைக் குடைந்தபோது, சான்றிதழோடு சேர்த்து மடித்திருந்த இரண்டு தாள்கள் கையில் வந்தன. ஒன்று மாமா கையால் எழுதிய ஜாதகம். சதுரத்தின் ஓரமாகப் பன்னிரண்டு கட்டம், எல்லோரும் பார்த்துப் பழகிய வடிவம். இன்னொன்று வேறு மாதிரி. சாய்சதுரங்களும் முக்கோணங்களுமாகக் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதியிருந்தது. அப்பா வேலை நிமித்தமாக வடக்கே எங்கோ இருந்தபோது பிறந்தவள் அவள். அங்கே ஒருவர் கணித்துக் கொடுத்தது அந்தத் தாள். அதைப் பார்த்துத்தான் மாமா சதுரத்தில் எழுதியிருக்கிறார்.

விரோதியின் முகத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாமே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பஸ் நிலையக் கடையில் ஜாதகப் பாலபாடம் ஒன்றை வாங்கினாள். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் இடையே, எஞ்சின் சூடு ஆறுகிற பதினைந்து நிமிடங்களில் படித்தாள்.

"என்ன விசில், ஜோசியம் பார்க்கக் கிளம்பிட்டியா? என் சம்சாரம் என்னைக்கு என்னைத் திட்டறதை நிறுத்துவான்னு பாரு," என்று எட்டிப் பார்த்தார் மெதுவண்டி.

"அதுக்கு ஜாதகம் வேணாம்ணே. நீங்க வண்டியை நாப்பதுலயாவது ஓட்டி நேரத்தோட வீடு போய்ச் சேர்ந்தா நிறுத்திடுவாங்க."

முதல் இரண்டு நாள் தலை சுற்றியது. ராசி என்கிறார்கள், வீடு என்கிறார்கள், கட்டம் ஒன்றுதான். மேஷம், ரிஷபம் என்று பன்னிரண்டு ராசிக்கும் சதுரத்தில் நிரந்தர இடம். ஆனால் வீட்டின் எண் நிரந்தரமில்லை. பிறந்த நேரத்தில் எந்த ராசி கிழக்கே உதித்துக்கொண்டிருந்ததோ அதுதான் லக்னம். அந்தக் கட்டத்தில் 'ல' என்று எழுதுவார்கள். அதுதான் ஒன்றாம் வீடு. அங்கிருந்து எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

மூன்றாம் நாள், டிரிப் ஷீட்டில் ஸ்டேஜ் எண் எழுதும்போது பேனா நின்றது. இதைத்தானே தினமும் செய்கிறோம்! மார்க்கெட் ஸ்டாப் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. டெப்போவிலிருந்து கிளம்பினால் அது எட்டாவது ஸ்டேஜ். பாலத்தடியிலிருந்து கிளம்பினால் மூன்றாவது. ஸ்டாப் நகர்வதில்லை, எங்கே ஏறினாய் என்பதை வைத்து எண் மாறுகிறது. புதுக் கண்டக்டர்கள் முதல் வாரத்தில் இதில்தான் சொதப்பித் திட்டு வாங்குவார்கள். லக்னம் என்பது ஏறின இடம். அவ்வளவுதான் சங்கதி!

அன்றைக்கு மதியமே டிக்கெட் பையிலிருந்து ஜாதகத்தை எடுத்துப் பிரித்தாள். புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: சூரிய உதயத்தின்போது சூரியன் இருக்கிற கட்டமே லக்னம், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டமாக லக்னம் நகரும், சூரியன் மறையும்போது ஏழாவது கட்டத்துக்கு வந்திருக்கும். மாமா எழுதிய சதுரத்தில் சூரியன் மீனத்தில். 'ல' அதற்கு அடுத்த கட்டமான மேஷத்தில். அப்படியானால் பிறந்தது விடிந்த கொஞ்ச நேரத்தில். பிறப்புச் சான்றிதழிலோ மாலை ஆறு பத்து என்று இருந்தது.

சூரியன் மறைகிற நேரம்! சூரியனிலிருந்து ஏழாவது கட்டம் கன்னி. மேஷத்திலிருந்து எண்ணினால் ஆறாவது ராசி. பழைய தாளைப் பார்த்தாள். உச்சியில், எல்லாவற்றுக்கும் முதலாக இருந்த சாய்சதுரத்தில், ஆறு என்று எழுதியிருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அந்த வடிவத்துக்கும் விளக்கம் இருந்தது: இந்த முறையில் உச்சிதான் எப்போதும் லக்னம், உள்ளே எழுதும் எண் ராசியின் எண்.

மாமா என்ன செய்தார் என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அந்த எண்களை வீட்டு எண் என்று நினைத்திருக்கிறார். ஒன்று என்றால் ஒன்றாம் வீடு என்று, முதல் ராசியான மேஷத்தில் 'ல' எழுதிவிட்டார். செவ்வாய் இருந்த இடத்தில் எட்டு. எட்டாவது ராசியான விருச்சிகத்தை எட்டாம் வீடாக்கிவிட்டார். கன்னியிலிருந்து அவள் விரல் வைத்து எண்ணினாள். கன்னி ஒன்று. துலாம் இரண்டு. விருச்சிகம்...

"அண்ணே!" என்று அவள் போட்ட கூச்சலில் மெதுவண்டி டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தபோது இரண்டு தாளையும் சான்றிதழையும் அவர் முன்னால் விரித்தாள். அம்மா கதவோரம் நின்றாள்.

"மாமா, ஒரு சந்தேகம். இந்த 'ல' தப்பான ஸ்டாப்புல ஏறியிருக்கு."

அவள் சொல்லி முடிக்கும்வரை மாமா சிரித்துக்கொண்டே இருந்தார். "டிக்கெட் கிழிக்கற மாதிரி இல்லடி பாப்பா இது. சர்ட்டிஃபிகேட்ல நேரம் எவனோ கிறுக்கினது. காலை, மாலை மாத்தி எழுதியிருப்பான். அதை நம்பி என் கணக்கை மாத்தச் சொல்றியா?"

அந்த நேரத்தை எழுதிய கை எது என்று அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? மாமா தாள்களை மடிக்கத் தொடங்கினார்.

"இருடா," என்றாள் அம்மா.

மாமா நிமிர்ந்தார். அம்மா அவரிடம் அந்தக் குரலில் பேசிப் பல வருடமாகியிருந்தது.

"காலையிலயா? காலையில நான் ஒரு வாளித் துணி துவைச்சுக் காயப் போட்டேன். அதை எடுத்து மடிக்கறப்பதான் வலியே கண்டுச்சு. இவ வெளிய வந்தப்ப நர்ஸு லைட்டுப் போட்டா, கண்ணு கூசிச்சு எனக்கு. பெத்தவ நான் சொல்றேன். இவ பொழுது சாய்ஞ்சு பொறந்தவ."

"இதை ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியாடா? புஸ்தகமும் கையுமா வந்தே, கட்டம் போட்டே, எட்டுன்னே. நான் அழ ஆரம்பிச்சுட்டேன்."

மாமா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். பென்சில் கேட்டார். பழைய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் எண்ணினார். கடைசி முயற்சியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். "கன்னி லக்னமாவே இருக்கட்டும். அதுக்கும் எட்டாம் வீட்டுக்காரன் செவ்வாய்தானே?"

"வீட்டுக்காரன்தான் மாமா. ஆனா எட்டுலயா குடியிருக்கான்? மூணாம் வீடும் அவனுக்குச் சொந்தம், அங்கதான் ஆட்சியா உட்கார்ந்திருக்கான். மூணாம் வீடுன்னா என்னன்னு நீங்களே சொல்லுங்க, அம்மா காது கேட்க."

மாமா பென்சிலைக் கீழே வைத்தார். "தைரியம்," என்றார். பிறகு, "கை, தோள், பிரயாணம்." பிறகு இன்னும் மெல்ல, "மூணுல செவ்வாய் ஆட்சி பெற்ற ஜாதகத்தை யாராவது கொண்டுவந்தா, எழுந்து நின்னு கை குடுப்பேன்."

"நின்னு குடுடா அப்ப," என்றாள் அம்மா.

அவர் நிஜமாகவே எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. புஸ்தகம் படிச்சு முடிச்சு ஒரு மாசம். அதுக்கப்புறம் இந்த மாதிரிக் கட்டம் எத்தனையோ வந்துச்சு, எல்லாத்தையும் சரியாத்தான் பார்த்தேன். வீட்டுப் புள்ளையோடதை மட்டும் பார்த்தாச்சுன்னு திரும்ப எடுக்கவே இல்ல." மேஷத்திலிருந்த 'ல'வை அடித்துவிட்டுக் கன்னியில் எழுதினார்.

"விடுங்க மாமா," என்றாள் அவள். "புதுக் கண்டக்டரா இருந்தா எல்லாருக்கும் வர்றதுதான்."

சோதனை நாளில் அவள் பெயர் ஐந்தாவது. அவளுக்கு முன்னால் போனவர்களில் இருவர் ஏற்றத்திலேயே தோற்று இறங்கினார்கள். மதில் ஓரமாக மெதுவண்டி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பீப்பாய்களுக்கு நடுவே பின்னால் எடுத்தாள், ஒன்றும் அசையவில்லை. ஏற்றத்தின் பாதியில் அதிகாரி கையைக் காட்ட, நிறுத்தினாள். கைப்பிரேக்கை இழுத்தாள். காதுக்குள் யாராவது பேசுகிறார்களா என்று ஒரு நொடி கவனித்தாள். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. கிளட்சை மெல்ல விட்டாள். பஸ்ஸின் உடம்பு முழுக்க ஒரு சின்ன நடுக்கம் ஓடி மூக்கு லேசாக உயர்ந்தது. இதோ, இங்கேதான். பிரேக்கை விடுவித்தாள். ஒரு விரற்கடை பின்னால் போகாமல் பஸ் மேலே ஏறியது.

"இறக்கி எடுத்துட்டு வந்து மறுபடி ஒரு தடவை ஏத்துங்க," என்றார் அதிகாரி.

இறக்கி, நிறுத்தி, மறுபடி ஏற்றினாள். இந்த முறை முதல் தடவையைவிட வழுவழுவென்று ஏறியது.

"முதல் தடவை என்ன சார் தப்பு?"

"ஒண்ணுமில்லம்மா. காலையிலேர்ந்து வண்டி உருளறதையே பார்த்துட்டிருந்தேன். ஏறுறதை இன்னொரு வாட்டி பார்க்கணும்னு தோணுச்சு." அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

மதில் பக்கமிருந்து மெதுவண்டி அடித்த சீழ்க்கை டெப்போ வரை கேட்டிருக்கும். அவள் இறங்கி ஓரமாக நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். "தேறிட்டேன்மா."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் ஒலி கேட்டது. அப்புறம் அவசரமாக ஒரு குரல்: "மாமாவுக்கு நீ போன் பண்ணிடாதே. நான்தான் சொல்லுவேன்."

மீதிப் பேரும் ஓட்டிக் காட்டி முடித்ததும் அதிகாரி கூப்பிட்டார். தேறினவர்களும் தவறினவர்களும் டெப்போவுக்குத் திரும்ப வேண்டும். "யாரும்மா வண்டியை எடுக்கறது?" என்று கேட்டபடியே சாவியை அவள் பக்கம் நீட்டினார். அவள் ஏறி இருக்கையைத் தன் உயரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியைத் திருப்பினாள். அதில் பதினான்கு தலைகள் தெரிந்தன, வேண்டுமென்றே பின்படியில் போய் நின்றுகொண்ட மெதுவண்டியின் தலையும் சேர்த்து.

"போலாம் ரைட்!" என்று அவர் கத்தினார்.

"உள்ள வாங்கண்ணே, படியில நிக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு அவள் முதல் கியரைப் போட்டாள்.