இடம் மாறிய குச்சி

இது கட்டுக்கதை இல்லை. இது யாருக்கு நடந்ததோ, அந்த மனிதர் வாழ்நாளில் செய்த பொய் எல்லாம் பொய்ப்பல் மட்டும்தான். பாதி ஊருக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். பேய், பிசாசு என்றால் விழுந்து விழுந்து சிரிப்பார். அவரே முகம் வெளிறிப்போய்ச் சொன்னதுதான் இது. ராத்திரியில் நடந்திருந்தால் இருட்டின் மேல் பழியைப் போட்டுவிடலாம். இது பட்டப்பகலில், ஜன்னல் வழியாக வெயில் உள்ளே விழுந்துகொண்டிருக்கும்போது நடந்தது.

பல்செட்காரருக்கு ஒரு கிறுக்கு உண்டு. உடைந்த வயலின்களைச் சரிசெய்வது. யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. வீடியோ பார்த்து, நாலைந்தைப் பாழாக்கி, தட்டுத்தடுமாறிப் பழகிக்கொண்டார். பல்செட் பட்டறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான் அதற்கு இடம்.

"வாயில்லாத ஜீவனுக்கு வைத்தியம் பாக்குறாராம். வீட்டுக் குழாய் ஒழுகுது, அதைக் கேக்க நாதியில்ல" என்பார் அவர் மனைவி.

ஒருநாள் தையல்காரம்மா ஒருவர் துணிப்பையோடு வந்தார். பைக்குள் ஒரு வயலின். மேல்பலகை பிளந்து, கழுத்து கழன்று, தந்திகள் சுருண்டு கிடந்தன.

"எம் பொண்ணுது தம்பி. அவ இப்போ இல்ல."

பல்செட்காரர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். அந்த அம்மா உட்காரவில்லை.

"பாலத்தடியில, ஆத்துல கிடந்தா. இது படிக்கட்டுல கிடந்துச்சு. தானா குதிச்சாளா, தவறி விழுந்தாளான்னு ஆளுக்கொண்ணு பேசுறாங்க. ஒரு வருஷமா இதைத் தொடவே இல்லை தம்பி அவ. அன்னிக்கு மட்டும் எதுக்கு எடுத்துட்டுப் போனா? அதை நெனச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

"சரி பண்ணிடலாம்மா."

"வாசிக்கல்லாம் வேணாம். முழுசா வீட்ல இருந்தாப் போதும்."

மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசையைச் சுடுநீரில் வைத்து உருக்கினார். பிளவுகளை ஒட்டி, இறுக்கிப் பிடித்து, காயவிட்டார். வேலை நன்றாகத்தான் போனது. ஆனால் ஒன்று உறுத்தியது. தாடையை வைக்கும் கட்டை வழக்கமாக இடப்பக்கம் இருக்கும். இதில் வலப்பக்கம் மாட்டியிருந்தது. தந்திகள் உட்காரும் பள்ளங்களும் தலைகீழ். தடித்த தந்தியின் பள்ளம் மெல்லிய தந்தி இருக்க வேண்டிய இடத்தில். பேனாக்கத்தியால் கோணல்மாணலாகச் செதுக்கியது.

"எந்த அரைவேக்காடு இதுல கை வச்சுதோ!" என்று முணுமுணுத்தார். தானும் அதே ரகம்தான் என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது. எல்லாவற்றையும் மாற்றி ஒழுங்குபடுத்தினார்.

கடைசியாகக் குச்சி. வயலினின் வயிற்றுக்குள் பென்சில் கனத்தில் ஒரு சின்ன மரக்குச்சி நிற்கும். பசை கிடையாது. தந்திகள் அழுத்துகிற இறுக்கத்தில்தான் நிற்கும். மெல்லிய தந்திக்குக் கீழே, வலப்பக்கம் நிற்க வேண்டும். வளைந்த கம்பியில் அதைக் குத்தி, மேல்பலகையில் உள்ள துளை வழியாக உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். தந்திகளை மாட்டினார். சாப்பிடப் போனார்.

திரும்பி வந்து அந்தத் துளை வழியாகப் பார்த்தால்... குச்சி இடப்பக்கம் நின்றது.

தந்திகளும் அவற்றின் பள்ளங்களும் மறுபடி தலைகீழாகியிருந்தன. தாடைக்கட்டை பழைய இடத்துக்கே போயிருந்தது.

"என் அறைக்குள்ள போனியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அந்தக் குப்பைக்குள்ள நான் எதுக்குப் போறேன்?"

மறுபடி மாற்றினார். மறுநாள் மத்தியானம் மறுபடி இடப்பக்கம். மூன்றாவது தடவை அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பூட்டைத் திறந்தார். குச்சி இடப்பக்கம்.

ஏதோ தோன்றி, வயலினை எடுத்து வலது தோளில் வைத்துப் பார்த்தார். தாடைக்கட்டை கச்சிதமாகப் பொருந்தியது. தந்திகளும் அந்தப் பக்கத்துக்குச் சரியாக இருந்தன. வலது கையால் தந்தியை அழுத்தி, இடது கையால் வில்லைப் பிடிப்பவருக்காக யாரோ பாடுபட்டு மாற்றிய வயலின் அது. தப்பு செய்துகொண்டிருந்தது அவர்தான்.

அப்படியே மேசைமேல் வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து...

கிர்ர்ர்...

உள்ளிருந்துதான். வில் தந்தியில் உரசும் சத்தம். பாட்டு இல்லை. ஒரே ஒரு சுரம். நின்றது. மறுபடி அதே சுரம். முதல் பாடம் படிக்கும் குழந்தை வாசிப்பதுபோல.

கிர்ர்ர்... கிர்ர்...

சுரம் பிசகியது.

"ச்சே!"

ஒரு பெண்ணின் குரல்.

பல்செட்காரர் கதவைத் தள்ளினார்.

யாரும் இல்லை.

வெயில் மட்டும்.

தந்தி ஒன்று இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

பட்டறையில் பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் தூள் அந்த மேசைமேல் எப்போதும் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதில் ஓர் இடது கை ஊன்றிய தடம் இருந்தது. கட்டைவிரல் இருந்தது. ஆள்காட்டி விரல் இருந்தது. அதற்குப் பிறகு... ஒன்றும் இல்லை.

உடனே தையல்காரம்மாவுக்குப் போன் செய்தார். எதையும் சொல்லவில்லை. வரச் சொன்னார், அவ்வளவுதான். அந்த அம்மா வந்ததும் கேட்டார்:

"உங்க பொண்ணுக்கு இடது கைப் பழக்கமாம்மா?"

"இல்லையே. வலது கைதான்." அந்த அம்மா தயங்கினார். "இடது கையில மூணு விரல் போயிடுச்சு தம்பி. அவ அச்சாபீஸ்ல வேலை பாத்தா. பேப்பர் வெட்டுற மிஷின்ல மாட்டிக்கிச்சு. அன்னியோட இதை மூடி வச்சா. அதுக்கப்புறம் என்கிட்ட சரியாவே பேசல."

பல்செட்காரர் மேசையைக் காட்டினார். வயலினை எடுத்து வலது தோளில் வைத்துக் காட்டினார். அந்தக் கோணல் பள்ளங்கள் எதற்கு என்று சொன்னார்.

தையல்காரம்மா அந்தத் தடத்துக்கு மேலே, தூள் கலையாமல், தன் கையை விரித்துப் பிடித்தார்.

"அப்போ... மறுபடி முதல்லேர்ந்து கத்துக்கிட்டாளா?"

"ஆமாம்மா."

"வீட்ல வாசிச்சா எனக்குத் தெரிஞ்சிடும்னு பாலத்தடிக்குப் போயிருக்கா. படி எப்பவும் பாசி பிடிச்சுக் கிடக்கும்... சாகப் போகல தம்பி. எம் பொண்ணு சாகப் போகல!"

அந்த அம்மா வாய்விட்டு அழுதார். பல்செட்காரரும் அழுதார். அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை.

வயலின் எப்படி இருந்ததோ அப்படியே வீட்டுக்குப் போனது.

சில மாதம் கழித்து அந்த அம்மா அதே துணிப்பையோடு மறுபடி வந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது.

"தினமும் மத்தியானம் வாசிக்கிறா தம்பி. நான் அடுத்த ரூம்ல தைச்சுக்கிட்டே கேப்பேன். மொதல்ல ஒரே கிர்ரு கிர்ருதான். இப்போ பாட்டே வாசிக்கிறா."

பல்செட்காரர் நாற்காலியைப் பையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஆனாலும், "நல்லதுதானேம்மா?" என்றார்.

"நேத்து முழுப் பாட்டையும் ஒரு தப்பில்லாம வாசிச்சு முடிச்சா. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. கிளம்பிட்டாளோன்னு எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு."

அந்த அம்மா வயலினை எடுத்து மேசைமேல் வைத்து, பல்செட்காரர் பக்கம் தள்ளினார்.

"எதையாவது கொஞ்சம் கெடுத்துக் குடுங்க தம்பி. அவ இன்னும் கொஞ்ச நாள் தப்பு பண்ணட்டும்."