லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு பிரம்ம கமலம்

போனவர்கள் மூன்று பேர்: நான், என் கணவர், முழங்கால் வலியோடு என் நாத்தனார் ஜானகி. 1983 புரட்டாசி, இரண்டாம் ஞாயிறு.

ஆவணியில் கேதார்நாத்தில் எனக்குப் பிரசாதமாக ஒரு பிரம்ம கமலம் கிடைத்தது. பனிமலைப் பாறை இடுக்கில் பூப்பது. பெயர்தான் கமலம், சாமந்திக் குடும்பம் என்று நூலகத்தில் படித்தேன். மலையேற முடியாத நாத்தனாருக்குத் தருவதாக வாக்கு. பிளாஸ்டிக் உறையில் கட்டிக் கொண்டுவந்து பிரித்தால், பூசணம். அவர் துடைத்து வைத்திருந்த வெள்ளித் தட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தார். அதுதான் தாங்கவில்லை.

எங்கள் யாத்திரை பஸ்ஸில் வந்தவர்களில் இன்னொரு பூ கிடைத்தவள் லைட்ஹவுஸ் குப்பத்து எல்லம்மா. அவளிடம் ஓர் இதழாவது கேட்கலாமென்று கிளம்பினோம். சென்ட்ரலில் 6.20 ரயில், பொன்னேரியில் இறங்கிப் பதினெட்டு கிலோமீட்டர் பஸ். பழவேற்காடு சேர மணி 8.40. ஏரியைத் தாண்டப் படகு, ஆளுக்கு ஐம்பது பைசா. நாத்தனார் பயந்தார். "ஆடாம குந்து பெரிம்மா, ஏரி எங்கியும் ஓடிப்பூடாது" என்றார் படகுக்காரர்.

வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த எல்லம்மா என் கதையைக் கேட்டுச் சிரித்தாள்.

"பிளாஸ்டிக்ல கட்டுனா மீனே நாறிப்பூடும். பூ இன்னாக்கா பண்ணும்?"

அவள் தன் பூவைக் காகிதத்தில் சுற்றி வந்து, மூன்று நாள் உச்சி வெயிலில் சுடுமணலில் புதைத்து, பனி இறங்குமுன் எடுத்திருக்கிறாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். தாள் போல வெளிறிய இதழ்கள், நடுவில் ஊதா. அதே கேதார வாசனை! பஸ்ஸில், இவள் கைப்பட்டால் பூவில் கருவாட்டு வாடை ஏறுமே என்று நினைத்தவள் நான். ஈசுவரா, மன்னித்துக்கொள்.

ஆனால் வெள்ளிக்கிழமை அவள் நைனாவின் புதுப் படகு தண்ணீரில் இறங்குகிறதாம். அதன் முனையில் கட்டவே இந்தப் பூ. எனக்குக் கேட்க வாய் வரவில்லை. எல்லம்மா நாத்தனாரின் வீங்கிய முழங்காலைப் பார்த்தாள்.

"படகுக்கு அஞ்சு இதழ் போதும். மீதி பெரிம்மாவுக்கு."

நாத்தனார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரும்பும் படகில் பயமே இல்லை. "டோலியில் தூக்கிப் போவார்களாமே?" என்றார்.

கேதாரம் போகிறவர்கள் பிளாஸ்டிக்கை நம்பாதீர்கள். காகிதமும் ஒரு டப்பா காய்ந்த மணலும் போதும். அடுத்த ஆவணிக்கு நாத்தனாரும் எல்லம்மாவும் நானும் கிளம்புகிறோம். தீபாவளிக்குள் முன்பணம் கட்டவேண்டும். கௌரிகுண்டத்தில் டோலிக்கு என்ன கேட்கிறார்கள்? தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.