இடுப்பளவு தண்ணீர்

முட்டி வலியால் இரண்டு வருடமாக நான் பழவேற்காடு ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கவில்லை. மற்ற பெண்கள் இறால் போடும் பறிக்கூடையோடு போவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கிடந்து தவிக்கும். என்னைப் போன்ற பருமனானவர்களின் நடையை ஆராய்வதாகச் சொல்லி சென்னையில் ஒரு கல்லூரிக்கு அழைத்தார்கள். இடுப்பிலும் கால்களிலும் சின்ன உருண்டைகளை ஒட்டி நடக்கவிட்டார்கள். கம்ப்யூட்டரில் ஓர் எலும்புக்கூடு என்னைப்போலவே சாய்ந்து சாய்ந்து நடந்தது. முட்டியில் இறங்கும் பாரத்தை அங்கிருந்த மாணவி காட்டினாள்.

“தண்ணில நடந்தா இன்னா காட்டும்மா?” என்றேன்.

“இடுப்பளவு தண்ணின்னா பாரம் நல்லா கொறையும்க்கா.”

மறுநாள் காலையிலேயே நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினேன். சேற்றில் உயிர் போகிற வலி. இடுப்புவரை நீர் ஏறியதும் அவள் கையை விட்டுவிட்டு நடந்தேன்.

“போதும் அண்ணி, கரைக்கு வா” என்று கூப்பிட்டாள்.

“இன்னும் கொஞ்ச நேரம்டி” என்றேன். அன்று நான் இறால் தேடவேயில்லை.